தாழ்நிலம் என்றால் எந்த ஒழுங்கை? வன்னி நகரங்களின் அனர்த்த முகாமைத்துவக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களின் அரசாங்க அதிபர்களுக்கும், பிரதேச செயலாளர்களுக்கும், மாநகர, நகர, பிரதேச சபைகளின் முதல்வர், தவிசாளர்களுக்கும்,

"தாழ்நிலப் பகுதிகளில் வசிக்கும் மக்கள் அவதானமாக இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." மாரி பிறந்ததும் வரும் அறிவித்தல் இந்த ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. 2018 டிசம்பர் வெள்ளம், 2020 புரெவி, 2024 ஃபெங்கல், 2025 நவம்பர் டிட்வா புயல்கள் என்று எத்தனையோ வந்து போய்விட்டன. வரி அப்படியே இருக்கிறது. அடுத்த மாரிக்கும் அதையே ஒட்டி அனுப்பப் போகிறீர்கள் என்றால் எங்களால் சும்மா இருக்க முடியாது.

நாங்கள் வெள்ளம் வடிந்த பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போடுகிறவர்கள், நனைந்த வயரிங்கைத் திறந்து பார்க்கிறவர்கள், முதலுதவிப் பெட்டியோடு முகாம்களுக்குப் போகிறவர்கள். நகரத்து வீடுகளிலும் கடைகளிலும் என்ன இல்லை, அது ஏன் இல்லை என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் அந்த வரியையே எடுப்போம். நான்கு நகரங்களுக்கும் தண்ணீர் ஒரே வழியால் வருவதில்லை, ஒரே நேரத்தில் வருவதுமில்லை. மன்னாருக்கு அருவியாற்றில் இறங்கும் வெள்ளம் தம்புள்ளைப் பக்கத்து மழையில் தொடங்கி, அநுராதபுரம் கடந்து, தந்திரிமலை தாண்டி, தேக்கம் அணைக்கட்டுக்கு வருகிறது. மன்னாரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு பெருகும். வெயிலைப் பார்த்த சனம் கட்டிய பொதியை அவிழ்த்துவிடும். தந்திரிமலை நீர்மானியில் தண்ணீர் ஏறினால் எத்தனை மணித்தியாலத்தில் தேக்கத்துக்கு வரும் என்ற கணக்கு நீர்ப்பாசனப் பொறியியலாளர்களின் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கு ஆற்றங்கரைக் கிராமங்களுக்கும், மதவாச்சி வீதியால் நகரத்துக்குச் சாமான் ஏற்றும் லொறிக்காரருக்கும் இறங்குவதில்லை.

கிளிநொச்சிக்கு மேலே இரணைமடுக்குளம் இருக்கிறது. "வான்கதவு 6 அங்குலம் திறக்கப்பட்டது" என்று செய்தி வரும். நீர்மட்டம் உயர்ந்து நிற்கும்போது திறக்கும் 6 அங்குலத்தால் பாயும் தண்ணீர், மட்டம் தாழ்ந்திருக்கும்போது பாய்வதைவிட அதிகம். எத்தனை கதவுகள் என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு வரும். பன்னங்கண்டியிலும் முரசுமோட்டையிலும் கண்டாவளையிலும் இருப்பவருக்கு அங்குலம் எதற்கு? எத்தனை மணிக்கு எந்த மதகு மூழ்கும் என்பதுதான் வேண்டும். நகரத்தை ஒட்டிய கனகாம்பிகைக்குளமும் கிளிநொச்சிக்குளமும் வான் பாயத் தொடங்கினால் முதலில் நனையும் ஒழுங்கை எது என்று அங்கே வாடகைக்கு இருக்கும் ஆசிரியரையோ வங்கி ஊழியரையோ கேட்டுப் பாருங்கள். தெரியாது. அவருக்கு யாரும் சொன்னதில்லை.

வவுனியாவில் வட்டாரங்களின் பெயரே குளம்தான்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், நெளுக்குளம். குளங்கள் தொடராக இருக்கின்றன. மேலே ஒரு சின்னக் குளத்தின் கட்டு உடைந்தால் அந்தச் சுமை கீழ்க்குளத்தின் கட்டில்தான் விழும். நீர்ப்பிடிக்குள் மண் போட்டு நிரப்பியதையும், வளவு முழுக்கக் கொங்கிறீற் போட்டதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பரப்பு (சுமார் 250 சதுர மீற்றர்) காணியில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது சுமார் 25,000 லீற்றர். முன்பு அதில் பெரும்பங்கை மண் குடித்தது. இப்போது அவ்வளவும் வீதியோரக் கானுக்கு வருகிறது. கானுக்குள் ரெஜிபோம் பெட்டியும் சொப்பிங் பையும் கிடக்கின்றன.

முல்லைத்தீவில் நந்திக்கடல் களப்பின் முகத்துவாரம் எப்போது வெட்டப்படுகிறது என்பதே நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. வட்டுவாகல் பாலத்தின் மேலே தண்ணீர் ஏறினால் முள்ளிவாய்க்கால் பக்கத்திலிருந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் போக மாற்று வழி கேப்பாபிலவுப் பக்கம். அந்த வீதி திறந்திருக்கிறதா என்பதைப் பிரசவ வலியோடு ஏற்றிய ஓட்டோக்காரர் போய்ப் பார்த்துத்தான் அறிகிறார்.

நாங்கள் கேட்கும் அறிவித்தல் இப்படி இருக்கும்: "இன்று பிற்பகல் 4 மணிக்கு இந்தக் குளத்தின் இரண்டு வான்கதவுகள் ஓரடி திறக்கப்படும். இரவு 7 மணியளவில் இந்த மதகுக்கு மேலே முழங்கால் அளவு தண்ணீர் வரும். அதன் பிறகு இந்த வீதியால் போக முடியாது. இந்த மூன்று ஒழுங்கைகளிலும் இருப்பவர்கள் 6 மணிக்கு முன் இந்தப் பாடசாலைக்குப் போகவும். மாட்டையும் ஆட்டையும் இந்த மேட்டில் கட்டவும்." நாலைந்து வரிகள். இதை எழுதத் தேவையான தகவல் மூன்று அலுவலகங்களில் மூன்று கோப்புகளாகக் கிடக்கிறது.

அறிவித்தலை வட்ஸ்அப்பில் போட்டால் போதும் என்ற நினைப்பும் வேண்டாம். மின்சாரம் நின்றால் தொலைபேசிக் கோபுரங்கள் பற்றரியில் சில மணித்தியாலம்தான் தாங்கும். கோவில் ஒலிபெருக்கியும் மின்சாரத்தோடு நின்றுவிடும். ஆனால் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போகும் ஓட்டோ 12 வோல்ற் பற்றரியில் ஓடுகிறது. அதன் சாரதிக்கு ஒவ்வொரு ஒழுங்கையும் அத்துப்படி. செத்த வீட்டுச் செய்தி ஒரு மணித்தியாலத்தில் ஊர் முழுக்கப் போகிற இடத்தில் வெள்ளச் செய்தி போகாமலிருக்கக் காரணமே இல்லை.

கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வசனம்: "வன்னிச் சனம் எல்லாம் கண்டது, அதுகளுக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை." இது பாராட்டுப் போலத் தெரியும், உண்மையில் தட்டிக்கழிப்பு. யுத்த காலத்தில் பத்து நிமிடத்தில் பொதி கட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றிய கை இப்போது முதுமையில் இருக்கிறது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அந்நாளைய வீட்டில் துலாவோ கப்பியோ இருந்தது, விறகு இருந்தது, அரிக்கன் லாம்பு இருந்தது. இன்றைய நகரத்து வீட்டில் குழாய்க்கிணறும் மோட்டரும் மேலே 500 லீற்றர் தாங்கியும் இருக்கின்றன. மின்சாரம் நின்றால் அந்தத் தாங்கியோடு தண்ணீர் முடிந்தது. குழாய்க்கிணற்றுக்குள் வாளி இறங்காது. நான்கு பக்கமும் வெள்ளம் நிற்க, வீட்டுக்குள் கழிவறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாத நிலை இப்படித்தான் வருகிறது.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் என்று வைத்தால், ஐந்து பேருள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லீற்றர். மூடியுள்ள 20 லீற்றர்க் கான் மூன்று. பெரிய செலவு எதுவும் இல்லை. மழை எச்சரிக்கை வந்த அன்றே தாங்கியை நிரப்பி, அதன் கீழ்வால்வைப் பூட்டி, வெள்ளம் வந்தபின் கழிவறைக்கு மழைத் தண்ணீரைப் பாவிக்கலாம். இதைச் சொல்லும் ஒரு பக்கத் துண்டு நகரத்து வீடுகளுக்கு வருவதில்லை. கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் பார்க்க, நகரத்து ஆள் அந்த அலுவலகத்துக்கு வருடத்தில் எத்தனை முறை போகிறார்?

கிணறு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பிழை நடக்கிற இடம் அதுதான். வெள்ளம் வடிந்த மறுநாளே எல்லாரும் மோட்டரைப் போட்டுக் கிணற்றை அடிவரை இறைக்கிறார்கள். சுற்றிவர மண் நீரில் ஊறி நிற்கிறது. உள்ளே தண்ணீர் இல்லாமல் போனதும் வெளியிலிருந்து வரும் அழுத்தம் கிணற்றின் கட்டுச்சுவரை உள்ளே தள்ளும். வளையம் வெடிக்கும், கட்டாத கிணறு இடியும். கிணற்றின் மட்டம் தானாக இறங்கத் தொடங்கும்வரை பொறுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறைக்க வேண்டும். கரையோரத்தில் இன்னும் கவனம் தேவை. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை அளவுக்கு மீறி இறைத்ததால் கீழிருந்த உவர்நீர் மேலே ஏறியது. மன்னார்த் தீவிலும் முல்லைத்தீவுக் கரையிலும் அதே பிழையைச் செய்ய இடமுண்டு.

அடுத்தது குளோரின். ஒரு சரை பொடியைக் கொடுத்து "கிணத்துக்குள்ள போடுங்கோ" என்று சொன்னால் வேலை முடிந்துவிடாது. 10 அடி விட்டமுள்ள கிணற்றில் 6 அடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 13,000 லீற்றர். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில், 30 சதவீத வலுவுள்ள வெளிற்றும் பொடி கிட்டத்தட்ட 900 கிராம் வேண்டும். பையைத் திறந்து வைத்து வலுக் குறைந்த பொடியென்றால் ஒரு கிலோவைத் தாண்டும். பொடியை நேரே கொட்டினால் சுண்ணாம்பு அடியில் போய்க் கட்டிபடும். பிளாஸ்ரிக் வாளிகளில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரைக் கிணற்றிலும் உட்சுவரிலும் ஊற்ற வேண்டும். மோட்டர் சரியாக இருந்தால், குழாயில் குளோரின் மணம் வரும்வரை ஓடவிட்டு, ஒரு இரவு விட்டு, மணம் இலேசாகும்வரை இறைக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பரிசோதித்துச் சரியென்று சொல்லும்வரை கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். கழிவறை கழுவும் அமிலமும் இந்தப் பொடியும் ஒரே வாளியில் சேரவே கூடாது. எழும்பும் வாயு நெஞ்சை அடைக்கும். இவ்வளவையும் விளங்கப்படுத்த ஒரு கிணற்றடியில் 15 நிமிடம் போதும், ஆனால் சொல்கிற ஆளும் நிறுக்கிற தராசும் வேண்டும்.

மின்சாரத்தில் உயிர் போகும் இடங்கள் மூன்று. நனைந்த மோட்டரைக் கழற்றிக் காயவைத்து, மெகர் (வயரின் காப்பை அளக்கும் கருவி) வைத்து ஒரு மெகாஓமுக்கு மேலே காட்டுகிறதா என்று பார்க்காமல் சுவிட்சைப் போடுவது ஒன்று. மின் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை ஒருநாளும் அமத்திப் பார்க்காமலிருப்பது இன்னொன்று. அது விழாவிட்டால், தண்ணீருக்குள் நிற்கிறவருக்குப் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது கடைக்காரர்களுடையது. ஜெனறேற்றரை இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டிய வயரால் சுவர்ப் பிளக்கில் கொளுவுகிறார்கள். மெயினை நிறுத்த மறந்தால் அந்த மின்சாரம் ட்ரான்ஸ்போமர் வழியே திரும்பி உயர்வலுக் கம்பிக்கு ஏறும். கம்பத்தில் வேலை செய்யும் மின்சார சபை ஊழியர் லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கை வைப்பார். மெயினும் ஜெனறேற்றரும் ஒரே நேரத்தில் இணையவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பூட்டாத கடைக்கு வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்ற நிபந்தனையை உங்கள் சபைகளே போடலாம். மூடிய ரோலர் கதவுக்குப் பின்னால் ஜெனறேற்றர் ஓட்டுவதையும் அதே நிபந்தனையில் சேருங்கள். அந்தப் புகையில் மணமில்லாத காபனோரொட்சைட் இருக்கிறது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது கிளிநொச்சியில் தீயணைப்புப் பிரிவு இருக்கவில்லை. வண்டி வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். ஏ-9 வீதியில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் 70 கிலோமீற்றருக்கு மேல். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடைத்தொகுதி சாம்பலாகிவிடும். இன்று வண்டி இருக்கிற நகரங்களிலும், கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டிய தறப்பாளும் நிறுத்திய மோட்டார் சைக்கிள்களும் வழியை மறித்தால் வண்டி சந்தியோடு நின்றுவிடும். கடைகளில் தொங்கும் தீயணைப்பான்களின் முள் பச்சையில் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பொடி வகையை இடைக்கிடை தலைகீழாகப் பிடித்துக் குலுக்காவிட்டால் பொடி அடியில் இறுகிவிடும், அமத்தினால் காற்றுத்தான் வரும். சபைகளின் தண்ணீர்ப் பவுசர்களையும் பாருங்கள். பவுசரின் வாய் ஒரு அளவு, தீயணைப்புக் குழாயின் இணைப்பு இரண்டரை அங்குலம் என்றால், நடுவில் பூட்ட ஒரு இணைப்புத் துண்டு வேண்டும். அதை லேத் பட்டறையிலேயே கடைந்து எடுக்கலாம். அது வண்டியிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும், களஞ்சிய அலுமாரியில் பூட்டிவைத்துப் பிரயோசனமில்லை.

நகர முடியாதவர்கள் எத்தனை பேர், எந்த வீட்டில்? முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையில் இருப்பவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள் வன்னியில் எந்த ஒழுங்கையிலும் உண்டு. ஒருவரைக் கட்டிலோடு தூக்க நான்கு பேர் வேண்டும். அவரோடு சிறுநீர்க் குழாயும் பையும், புண் வராமல் படுக்கும் மெத்தையும் போக வேண்டும். வகுப்பறைச் சீமெந்து நிலத்தில் இரண்டு இரவு படுக்கவைத்தால் படுக்கைப் புண் தொடங்கிவிடும். சிறுநீரக நோயாளர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவர்கள். வீதி மூன்று நாள் துண்டிக்கப்பட்டால் அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை, ஆகவே எச்சரிக்கை வந்தவுடனேயே வைத்தியசாலைப் பக்கம் ஏற்ற வேண்டியவர்கள். இன்சுலின் பாவிப்பவர் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டதென்று மருந்தை எறிய வேண்டியதில்லை. ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வைத்தால் தாங்கும். இதையும் யாராவது சொல்ல வேண்டும்.

முகாம்களைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். மனிதாபிமான உதவிக்கான சர்வதேச அளவுகோல் ஆளுக்கு மூன்றரைச் சதுர மீற்றர் கேட்கிறது. 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் அதன்படி பத்துப் பேர். நாங்கள் பார்க்கும் வகுப்பறைகளில் நான்கைந்து குடும்பங்கள். கழிவறை 20 பேருக்கு ஒன்று, அதுவும் ஆண் பெண் வேறாக, உள்ளே தாழ்ப்பாளோடு. இரவு 11 மணிக்குப் பாடசாலையின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த கிராம அலுவலர் அரிது.

வெள்ளத்துக்குப் பிறகு வேறு பல ஊர்களில் இல்லாத ஒரு ஆபத்து எங்களிடம் உண்டு. இலங்கை மிதிவெடிகளை அகற்றி முடிக்க ஏற்றுக்கொண்ட காலக்கெடு 2028. மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியும் பிளாஸ்ரிக் மிதிவெடியும் பாரமில்லாதவை, நீர் மண்ணை அரித்தால் இடம் மாறும். வாய்க்கால் வெட்டும் ஜேசிபி கிளறும். ஒதுங்கிய குப்பையைக் கூட்டி அந்த இடத்திலேயே கொளுத்துவதுதான் மிகவும் ஆபத்து, ஏனெனில் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, ஒரு அடையாளம் வைத்துப் பொலிசுக்குச் சொல்ல வேண்டும். வெள்ள அறிவித்தல் எதிலும் இந்த வரி இல்லை.

ஆகவே கேட்கிறோம்.

செப்டம்பர் முடிவதற்குள், ஒவ்வொரு நகரத்துக்கும் குளம், மதகு, ஒழுங்கை, மணித்தியாலம், போகவேண்டிய கட்டடம் ஆகிய ஐந்தும் கொண்ட ஒரு அட்டவணையைத் தமிழிலும், தேவையான இடங்களில் சிங்களத்திலும் வெளியிடுங்கள். 2025 நவம்பரில் தண்ணீர் வந்த உயரத்தை மின்கம்பங்களிலும் மதில்களிலும் மஞ்சள் மையால் கோடு போடுங்கள். சனம் இன்னும் அதை மறக்கவில்லை, கேட்டால் விரலால் காட்டும். ஓட்டோ அறிவிப்பாளர்களோடு இப்போதே பேசி, ஒருவருக்கு ஒரு வட்டாரம் என்று பிரித்து, எரிபொருட் செலவை ஒதுக்குங்கள்.

குளோரின் பொடியை மூடிய கலன்களில், திகதியோடு, ஒரு வட்டாரத்தில் எத்தனை கிணறு என்ற கணக்குப்படி ஒக்டோபருக்கு முன் இறக்குங்கள். தராசும் செய்து காட்டும் ஆளும் கூடவே வரட்டும். ஆட்களைப் பழக்க நாங்கள் வருகிறோம், அதற்குக் கூலி கேட்கவில்லை. ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு கைப்பம்பியோ வாளி இறங்கும் திறந்த கிணறோ இருப்பதை உறுதிப்படுத்துங்கள். வெள்ளத்தில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி மூலம் முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். காய்ச்சல் பரவியபின் வரிசை வைப்பதில் அர்த்தமில்லை.

நகர முடியாதவர்களின் பட்டியலைக் கிராம அலுவலர் தயாரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தூக்கப் போகிற நான்கு பேரின் பெயரை எழுதட்டும். பட்டியல் வெளியே ஒட்டப்பட வேண்டாம்.

ஒத்திகையைக் காலை 10 மணிக்குப் பதாகை கட்டி, சோற்றுப் பார்சலோடு முடிக்க வேண்டாம். ஒக்டோபர் 15க்கு முன் ஒரு இரவு 8 மணிக்கு, ஒரு வட்டாரத்தின் மின்சாரத்தை அறிவித்து நிறுத்திவிட்டு நடத்துங்கள். அறிவிப்பு ஓட்டோ கடைசி ஒழுங்கைக்குப் போக எவ்வளவு நேரம், பாடசாலைக் கதவு திறக்க எவ்வளவு நேரம், கட்டிலில் இருப்பவர் வந்துசேர எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதி, அந்தத் தாளைப் பிரதேச செயலக அறிவித்தற் பலகையில் போடுங்கள். நேரம் மோசமாக இருந்தாலும் போடுங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எழுத்தில், எந்த வேலையை எந்த அலுவலர் எந்தத் திகதிக்குள் செய்வார் என்ற விபரத்தோடு எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வன்னியின் கிணறு இறைப்போர், மின் வேலையாளர், முதலுதவித் தொண்டர்கள்